ஃபுல் பேக்கா, சென்டர் ஹாஃப் பேக்கா? ஆஸ்திரேலிய கால்பந்தில் டிஃபெண்டர் நிற்க வேண்டிய இடம்

ஆஸ்திரேலிய கால்பந்தில் அணிப் பட்டியல் எழுதும்போது தற்காப்பு வரிசைதான் முதலில் வரும். கோலை ஒட்டி நிற்கும் முதல் வரியில் பேக் பாக்கெட், ஃபுல் பேக், பேக் பாக்கெட் என்று மூன்று பெயர்கள். அவர்களுக்கு முன்னால் நிற்கும் அடுத்த வரியில் ஹாஃப் பேக் ஃபிளாங்க், சென்டர் ஹாஃப் பேக், ஹாஃப் பேக் ஃபிளாங்க் என்று இன்னும் மூன்று. இந்த ஆறு பேரில் ஒருவர் மற்றவர்களைவிட ஒரு படி மேலானவர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல உயரம், பந்தின் போக்கை முன்கூட்டியே கணிக்கும் கண், ஓட்டம், குறி தப்பாத கிக், எல்லாம் இருக்கிறது. அவரை எந்த இடத்தில் நிறுத்தினால் அணிக்கு அதிக லாபம்?

இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. எதிரணியின் மிக ஆபத்தான ஃபார்வர்டோடு ஃபுல் பேக்கில் ஒட்டிவிட வேண்டும் என்பது பழைய பதில். ஹாஃப் பேக் ஃபிளாங்கில் விட்டு, பந்தை அவர் காலில் சேர்த்து, தாக்குதலை அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது புதிய பதில். மூன்றாவது, சென்டர் ஹாஃப் பேக். என் பதிலும் அதுதான். ஆனால் அதற்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. வாதாடுகிறவர்கள் பலரும் அந்த நிபந்தனையை விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

முதலில் மைதானம். கிரிக்கெட் ஒளிபரப்பில் நாம் பார்த்துப் பழகிய அதே முட்டை வடிவ மைதானங்களில்தான் இந்த ஆட்டமும் நடக்கிறது. நீளம் 135 முதல் 185 மீட்டர் வரையும் அகலம் 110 முதல் 155 மீட்டர் வரையும் இருக்கலாம். மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் ஏறத்தாழ 160 மீட்டர் நீளம், 141 மீட்டர் அகலம். ஜீலாங்கின் கார்டினியா பார்க் 170 மீட்டர் நீளம் இருந்தும் அகலம் சுமார் 115 மீட்டர்தான். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளி. அதற்குப் பக்கத்து இடைவெளிகளில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. ஒவ்வோர் இடைவெளியும் 6.4 மீட்டர். 15 மீட்டராவது பறந்து வரும் கிக்கைத் தரையில் படாமல் பிடித்தால் மார்க். பிடித்தவர் நிதானமாக நின்று உதைக்கலாம். ஓர் அணிக்குக் களத்தில் 18 பேர். ஆஃப்சைடு விதி கிடையாது. யாரும் எங்கும் போகலாம்.

ஆகவே பட்டியலில் எழுதிய இடத்திலேயே ஆட்டக்காரர் நிற்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அப்படி நிற்க வேண்டிய கட்டாயம் உள்ள ஒரே தருணம் நடுக்களத்தில் நடுவர் பந்தை மேலே எழுப்பி ஆட்டம் தொடங்கும்போதுதான். 2019 முதல் அந்த நேரத்தில் ஆறு பேர் தங்கள் கோலிலிருந்து 50 மீட்டரில் வரைந்த தற்காப்பு வளைவுக்குள்ளும், ஆறு பேர் எதிர்முனை வளைவுக்குள்ளும், ஆறு பேர் நடுவிலும் இருந்தாக வேண்டும். ஆட்டக்காரர்கள் இதை ஆறு-ஆறு-ஆறு விதி என்கிறார்கள். பந்து ஆட்டத்துக்கு வந்த அடுத்த கணமே இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். மகளிர் லீக்கில் ஓர் அணிக்கு 16 பேர் என்பதால் இதே விதி ஐந்து-ஆறு-ஐந்து என்று வரும். அங்கே ஒவ்வொரு டிஃபெண்டரும் காக்க வேண்டிய பரப்பு இன்னும் பெரிது.

இடத்தைப் பற்றிப் பேசுமுன் ஒரு சின்னக் கணக்கு பார்த்துவிடலாம். கோலுக்கு நேர் எதிரே 50 மீட்டரில் நிற்பவர் கண்ணுக்கு 6.4 மீட்டர் இடைவெளி சுமார் 7.3 பாகையாகத் தெரியும். 40 மீட்டர் தூரத்தில், நேர்கோட்டிலிருந்து 45 பாகை ஓரமாக நின்றால் அது 6.5 பாகை. கோலுக்கு வெறும் 30 மீட்டர் தூரம், ஆனால் 70 பாகை ஓரம் என்றால் 4.2 பாகைதான். அதாவது, பக்கத்தில் ஓரமாக நிற்பவரைவிடத் தூரத்தில் நேராக நிற்பவருக்கு வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது. டிஃபெண்டருக்குச் சொல்லித்தரும் பாதிப் பாடம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. பந்து வைத்திருப்பவரையும் அவர் குறிவைக்கும் ஃபார்வர்டையும் எல்லைக்கோட்டின் பக்கம் தள்ளிக்கொண்டே இரு. கோலுக்கு நேராக ஓடும் நடுப்பாதையை விட்டுக்கொடுக்காதே. ஓரத்திலிருந்து கோல் அடிக்கவே முடியாது என்று நினைத்துவிடவும் கூடாது. அடிலெய்டு ஓவலில் எடி பெட்ஸ் ஒரு மூலையிலிருந்து தொடர்ந்து கோல் அடித்ததால் ரசிகர்கள் அந்த மூலைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இப்போது ஃபுல் பேக். கோல் வாசலுக்கு மிக அருகில் நிற்பவர். அவர் தோற்கும் போட்டி அநேகமாக நேரே கோலாக முடியும், அதனால்தான் பழைய தலைமுறை தன் மிகச் சிறந்த டிஃபெண்டரை அங்கே நிறுத்தியது. டோனி லாக்கெட் தன் ஆட்டக்காலத்தில் 1360 கோல் அடித்தார், ஜேசன் டன்ஸ்டல் 1254. அப்படிப்பட்ட ஆட்களுக்கு எதிரே, பின்னால் எந்தத் துணையும் இல்லாமல், 30 மீட்டர் வெறும் புல்வெளியில் தனியாக நிற்க வேண்டியிருந்த காலம் அது. 1996-இல் ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலிய கால்பந்து லீக்) அறிவித்த நூற்றாண்டின் அணியில் ஃபுல் பேக் இடம் கார்ல்டனின் ஸ்டீபன் சில்வானிக்குப் போனதற்குக் காரணம் அந்தத் தனிமைப் போரில் அவர் காட்டிய உறுதி. எசன்டனின் டஸ்டின் ஃப்ளெட்சர் 400 ஆட்டங்கள் ஆடினார். பின்னால் நின்றபடியே பந்தைத் தட்டிவிடும் அளவு நீளக் கைகள் அவருக்கு.

அந்தக் காலம் எப்படி முடிந்தது என்பதைப் பார்த்தால்தான் இன்றைய வாதம் புரியும். 2000-ஆம் ஆண்டு எசன்டன் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றது. தோற்கடித்தது டெரி வாலஸ் பயிற்றுவித்த வெஸ்டர்ன் புல்டாக்ஸ். அவர் தன் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரைத் தற்காப்புப் பகுதிக்குள் வெள்ளம்போல் இறக்கி, எசன்டனின் ஃபார்வர்டுகள் ஓட இடமே இல்லாமல் செய்துவிட்டார். 2008-இல் அலஸ்டெர் கிளார்க்சனின் ஹாதார்ன், ஆளுக்கு ஆள் ஒட்டுவதை விட்டு, களத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்துக் காக்கும் முறையோடு கோப்பையை வென்றது. ஒரே பருவத்தில் 100 கோலைக் கடந்த கடைசி ஆட்டக்காரரும் அதே ஆண்டின் ஹாதார்ன் வீரர்தான்: லான்ஸ் ஃபிராங்க்ளின், 113 கோல். அதன்பின் யாருக்கும் அது கைகூடவில்லை. இடத்தைக் காக்கும் முறை எல்லா அணிக்கும் பரவியதும், தனியொரு ஃபார்வர்டுக்குத் தனியொரு டிஃபெண்டர் என்ற போட்டி ஆட்டத்தின் மையத்திலிருந்து விலகிவிட்டது. எதிரணி தூக்கி அடிக்கும் பந்தை யார் இடைமறிப்பது என்பதே பெரிய கேள்வியானது.

பேக் பாக்கெட்டை விரைவாகக் கடந்துவிடலாம். சின்ன உருவமும் வேகமும் கொண்ட ஃபார்வர்டைப் பிடித்துவைக்கும் வேலை அது. மேலே நடக்கும் போட்டியில் பந்து நழுவிக் கீழே விழும்போது முதலில் குனிபவர் யார் என்பதில்தான் அங்கே எல்லாம். ஆனாலும் அந்த இடத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் லீகின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தின் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். 1951-இல் ஜீலாங்கின் பெர்னி ஸ்மித், 1985-இல் ஃபுட்ஸ்கிரேயின் பிராட் ஹார்டி, 1993-இல் எசன்டனின் கேவின் வாங்கனீன் என்று பேக் பாக்கெட்காரர்கள் மூவர் அதில் இருக்கிறார்கள்.

ஹாஃப் பேக் ஃபிளாங்க் தரப்பின் வாதம் வலுவானது. எதிரணியின் தாக்குதல் முறிந்ததும் பந்து முதலில் வந்து சேரும் இடம் அது. அங்கிருப்பவருக்கு முன்னால் களம் முழுவதும் விரிந்து கிடக்கும். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 2016-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 1954-க்குப் பிறகு முதல் கோப்பையை வென்றபோது, இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவர்களுடைய ஜேசன் ஜோஹானிசனுக்குக் கிடைத்தது. ஹாஃப் பேக்கிலிருந்து அவர் ஓடிய ஓட்டம் எதிரணியின் அமைப்பைக் கிழித்தது. காலிங்வுட்டின் நிக் டைக்கோஸ் 2022-இல் சிறந்த இளம் வீரர் விருதை வென்றதும் இந்த இடத்தில் ஆடித்தான். 2019-இல் வந்த இன்னொரு விதி மாற்றமும் ஹாஃப் பேக்குக்குச் சாதகம். எதிரணி பிஹைண்ட் அடித்தபின் கோலுக்கு முன்னால் வரைந்த சதுக்கத்திலிருந்து பந்தை வெளியே அனுப்புபவர், முன்போலத் தனக்குத் தானே ஒருமுறை உதைத்துக்கொள்ளாமலே சதுக்கத்தை விட்டு ஓடி வரலாம். ஒரு காலத்தில் அந்த உதை ஃபுல் பேக்கின் வேலை. இப்போது அணியின் மிக நல்ல கிக் யாருடையதோ அவர் வந்து எடுக்கிறார், அவர் பெரும்பாலும் ஹாஃப் பேக்காகவே இருப்பார்.

எனக்கு இந்த வாதத்தில் உள்ள தயக்கம் எண்ணிக்கை பற்றியது. ஹாஃப் பேக் ஓர் ஆட்டத்தில் 30 முறை பந்தைத் தொட்டார் என்றால் அது பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அதில் சில, தன் அணி பந்தைச் சுற்றிச் சுற்றிக் கடத்தும்போது யாருடைய அழுத்தமும் இல்லாமல் கையில் வந்தவை. பந்தைத் தட்டிவிடுவதும், உதைக்கும் காலின் மேல் பாய்ந்து அடைப்பதும் 'ஒன் பர்சென்டர்' என்ற ஓரத்துப் பத்தியில் போய் ஒடுங்கிவிடுகின்றன. 2010 இறுதியாட்டத்தின் மறு ஆட்டத்தில் செயின்ட் கில்டாவின் நிக் ரீவோல்ட் திறந்த கோல் முன் நிதானமாக உதைக்கப் போனபோது, காலிங்வுட்டின் ஹீத் ஷா பின்னாலிருந்து ஓடிவந்து பாய்ந்து, காலிலிருந்து பந்து கிளம்பும்போதே கையால் அடைத்தார். கணக்கேட்டில் அது ஒரே ஒரு தடுப்பு. பார்த்தவர்கள் இன்றுவரை அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் முதலில் சொல்வது அதைத்தான். ஃபிளாங்கில் ஓட்டமும் கிக்கும் உள்ள ஒருவரை நிறுத்தினால் போதும். உயரமும் கணிப்பும் சேர்ந்த அபூர்வ ஆளை அங்கே அனுப்பினால் அவருடைய பாதித் திறமை வேலையில்லாமல் நிற்கும்.

சென்டர் ஹாஃப் பேக் நிற்பது கோலிலிருந்து சுமார் 40 முதல் 55 மீட்டர் முன்னால், நடுப்பாதையின் மேல். எதிரணி வளைவுக்குள் அனுப்பும் நீண்ட கிக்குகள் பெரும்பாலும் அவர் தலைக்கு மேலோ, அவருக்கு இருபுறமோ போயாக வேண்டும். இரண்டு ஃபிளாங்குக்கும் அவர் ஓடலாம், ஃபுல் பேக்கின் உதவிக்கும் பின்வாங்கலாம். ஆறு இடங்களில் மற்ற ஐந்து இடங்களுக்கும் ஒரே ஓட்டத்தில் போய்ச்சேரக்கூடியது இது ஒன்றுதான்.

இந்த உதவி எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 50 மீட்டர் போகும் உயரமான கிக் காற்றில் இரண்டரை முதல் மூன்று விநாடி இருக்கும். பந்து எங்கே இறங்கும் என்று படிக்க அரை விநாடி போனால், மிச்சம் இரண்டு விநாடிக்குச் சற்று அதிகம். நின்ற இடத்திலிருந்து ஓடும் நல்ல ஆட்டக்காரர் அதற்குள் 10 முதல் 12 மீட்டர் கடந்துவிடுவார். ஆகவே தன் ஆளிடமிருந்து 10 மீட்டர் விலகி நின்றாலும் உயரமான கிக்கை அவர் இடைமறிக்க முடியும். அதே பந்து தாழ்வாக, வேகமாக 35 மீட்டர் வந்தால் காற்றில் இருக்கும் நேரம் இரண்டு விநாடிகூட இராது. அப்போது அவரால் 5, 6 மீட்டருக்கு மேல் எட்ட முடியாது.

எந்த வகைக் கிக் வரும் என்பதைத் தீர்மானிப்பது அறுபது மீட்டருக்கு அப்பால் நடக்கும் ஒரு விஷயம். உதைப்பவரின் தோளை யாராவது பிடித்து இழுக்கிறார்களா? அழுத்தத்தில் உதைத்த பந்து உயரமாக, மெதுவாக, குறியில்லாமல் வரும். நிதானமாக நிமிர்ந்து பார்த்து உதைத்தால் தாழ்வாக, நேராக, ஃபார்வர்டின் மார்புக்கு வரும். நல்ல சென்டர் ஹாஃப் பேக் தன் எதிராளியைப் பார்ப்பதைவிட அதிகமாகப் பந்து வைத்திருப்பவரின் நிலையைப் பார்ப்பார். அங்கே அழுத்தம் இருந்தால் ஆளை விட்டு விலகுவார்; இல்லாவிட்டால் ஒட்டுவார். 2021-இல் வந்த ஸ்டாண்ட் விதி இந்தக் கணக்கைக் கொஞ்சம் கெடுத்தது. மார்க் பிடித்தவருக்கு எதிரே நிற்பவர் பக்கவாட்டில் அசையக் கூடாது, அசைந்தால் 50 மீட்டர் அபராதம், அதாவது உதைப்பவர் அவ்வளவு தூரம் முன்னால் போகலாம். அதனால் உதைப்பவர் சுலபமாக உடலைத் திருப்பி நடுப்பாதையைக் குறிவைக்கிறார். நிதானமான கிக் அதிகமானால் இடைமறிப்பவர் விலகி நிற்கக்கூடிய தூரம் சுருங்கத்தானே செய்யும்.

இந்த இடத்தின் மதிப்பைக் காட்ட 2018 இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்கள் போதும். காலிங்வுட் முன்னிலையில் இருந்தது. அது உள்ளே அனுப்பிய நீண்ட பந்தை வெஸ்ட் கோஸ்டின் ஜெரமி மெகவர்ன் பிடித்தார். அங்கிருந்து நேதன் வார்டி, அவரிடமிருந்து லியம் ரையன், அவரிடமிருந்து டோம் ஷீட். மூன்று கிக்கில் பந்து ஒரு கோலிலிருந்து மறு கோலின் ஓரத்துக்குப் போய்விட்டது. எல்லைக்கோட்டை ஒட்டிய அந்தக் குறுகிய கோணத்திலிருந்து ஷீட் கோல் அடித்தார். 79-க்கு 74, ஐந்து புள்ளி வெற்றி. கடைசி மார்க்கின்போது காலிங்வுட் டிஃபெண்டர் பிரேடன் மேய்னார்ட் முறையின்றித் தடுக்கப்பட்டாரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மெகவர்ன் அந்தப் பந்தைப் பிடிக்காமல் குத்தியிருந்தால் அது தற்காப்பு வளைவுக்குள்ளேயே விழுந்திருக்கும். வார்டிக்கு அந்தக் கிக் போயிருக்காது.

இப்போது அந்த முன்நிபந்தனை. சென்டர் ஹாஃப் பேக் தன் ஆளை விட்டு விலகலாம் என்றால், பின்னால் இன்னொருவர் தன் ஆளை விடவே மாட்டார் என்ற உறுதி வேண்டும். மெல்போர்ன் அணி இதைக் கட்டிய விதம் தெளிவான பாடம். 2017 பருவம் முடிந்ததும் அடிலெய்டிலிருந்து ஜேக் லீவரைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு கோல்ட் கோஸ்டிலிருந்து ஸ்டீவன் மேயை. ஆழத்தில் நிற்கும் வலுவான ஃபார்வர்ட் மேயின் பொறுப்பு. லீவர் முன்னால் மிதந்து இடைமறிப்பார். 2021-இல் பெர்த்தில் நடந்த இறுதியாட்டத்தில் 74 புள்ளி வித்தியாசத்தில் வென்று, 57 ஆண்டுக்குப் பிறகு கோப்பையைத் தொட்டார்கள். மே இல்லாத லீவரை நினைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு முறையும் விலகலாமா வேண்டாமா என்று யோசிப்பார், யோசிக்கும் அந்த அரை விநாடியில் பந்து தலையைக் கடந்துவிடும். எனவே கையில் நல்ல டிஃபெண்டர் ஒருவர்தான், பின்னால் ஆள்பிடிக்கத் தகுந்தவர் யாருமில்லை என்றால் அவரை ஃபுல் பேக்கில் நிறுத்துவதே சரி. ஆறு-ஆறு-ஆறு விதியில் நடுக்களத்திலிருந்து பந்து பறந்து வரும்போது உதவிக்கு ஓடிவரக் கூடுதல் ஆள் இருக்க மாட்டார். ஓரளவு நம்பிக்கையான ஃபுல் பேக் கிடைத்துவிட்டால் சிறந்தவரை மறுயோசனை இல்லாமல் முன்னால் நகர்த்த வேண்டும்.

அந்த ஃபுல் பேக்கைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பந்து ஒரு கிக் தூரத்துக்குள், அதாவது 55 மீட்டருக்குள், வந்துவிட்டது. இனி எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். நேர் பின்னால் நிற்பது பழைய பழக்கம். பந்தும் ஆளும் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் ஃபார்வர்ட் உதைப்பவரை நோக்கி முன்னால் பாய்ந்தால் முதல் இரண்டு அடியை அவரே எடுத்துக்கொள்வார், பிறகு அந்த இடைவெளியை மூட முடியாது. நேர் முன்னால் நின்றால் பந்து தலைக்கு மேல் போகும் ஒவ்வொரு முறையும் கோல் திறந்து கிடக்கும். ஆகவே பக்கவாட்டில், நடுப்பாதையின் பக்கம், ஃபார்வர்டின் தோளுக்கு அரைத் தோள் பின்னால். இப்படி நின்றால் அவர் ஓட நல்ல வழியாகத் தெரிவது எல்லைக்கோட்டுப் பக்கம் மட்டுமே. அங்கே ஓடட்டும், அந்தக் கோணத்தின் கணக்கை முன்பே பார்த்தோம்.

எதிராளியின் கண்ணையோ கையையோ நம்பக் கூடாது, அவை பொய் சொல்லும். இடுப்பு திரும்பும் திசையில்தான் ஆள் போவார். மடக்கிய முன்கையை அவர் இடுப்பின் மேல் இலேசாக வைத்திருந்தால், கண் பந்தின் மேல் இருந்தாலும் அவர் கிளம்புவது கையில் தெரிந்துவிடும். 2007-இல் முதுகில் கை வைப்பதே குற்றம் என்றாக்கினார்கள்; 2019-இல் அதைத் தளர்த்தினார்கள். இடத்தைக் காத்துக்கொள்ளக் கை வைக்கலாம், தள்ளினால் ஃப்ரீ கிக். சட்டையைப் பிடித்தாலும் ஃப்ரீ கிக்.

பந்து இறங்கும்போது பிடிக்கப் போவதா குத்தப் போவதா என்பதைக் கால் தரையில் இருக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். குத்துவதென்றால் ஒரே கை, இறுக்கிய முட்டி, ஃபார்வர்டின் பக்கத்துத் தோளுக்கு மேலாக. முட்டி பந்தில் படுவதற்குமுன் அவர் கையில் பட்டால், கையை வெட்டியதாக நடுவர் ஊதுவார். கோல் முன்னால் ஒரு ஃப்ரீ கிக் என்றால் அது பெரும்பாலும் ஆறு புள்ளி. இந்தத் தவறு எப்போதும் தாமதத்திலிருந்தே வருகிறது: பின்னால் இருந்து ஓடிவந்து குதிக்கிறவர் பந்தை எட்டமுடியாமல் கையை எட்டுகிறார். குத்தும் திசை எல்லைக்கோட்டை நோக்கி இருக்க வேண்டும். காலடியில் விழும்படி மென்மையாகத் தட்டினால் அங்கே காத்திருக்கும் சின்ன ஃபார்வர்டுக்கு அது பரிசு. கோல் கோட்டை ஒட்டி நடக்கும் போட்டி என்றால் பந்தைக் கோட்டுக்கு அப்பால் குத்தி ஒரு புள்ளி கொடுத்துவிடலாம். இந்த உபாயத்துக்கு எல்லை உண்டு. 2008 இறுதியாட்டத்தில் ஹாதார்ன் 11 முறை தானே பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய், புள்ளியைக் கொடுத்து, பந்தை மீண்டும் தன் கைக்கு வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே விதி மாறியது. அழுத்தம் இல்லாதபோது வேண்டுமென்றே அப்படிச் செய்தால் எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

ஒருவர் குதித்தால் இன்னொருவர் தரையில் நிற்க வேண்டும் என்பது தற்காப்பில் எழுதாத சட்டம். நடைமுறையில் அதிகம் மீறப்படுவதும் அதுதான். இரண்டு உயரமானவர்கள் ஒரே பந்துக்கு எழும்பி, ஒருவர் முழங்கை மற்றவர் தாடையில் பட்டு, இருவரும் கீழே கிடக்க, பந்து தனியாக உருளும். காரணம் பெரும்பாலும் குரல் கொடுக்காததுதான். போட்டியை முழுதாகப் பார்க்கும் நிலையில் இருப்பது பின்னால் நிற்பவர். 'என்னுடையது' என்றோ 'நீ போ' என்றோ அவர் கத்தவேண்டும். இன்னொரு வழக்கமான தவறு, ஃபார்வர்ட் நடுக்களம் வரை நடந்துபோனால் டிஃபெண்டரும் கூடவே போவது. பின்னால் 60 மீட்டர் காலியாகிவிடும், அடுத்த நீண்ட கிக் அங்கேதான் விழும். அவரை நடுக்களத்தில் இருக்கும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நம் இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒப்படைத்தோம் என்பது கையைக் காட்டினால் முடிந்துவிடாது, அவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் முடியும்.

மழை நாளில் கணக்கு மாறும். பந்து வழுக்கும், மார்க் குறையும், பெரும்பாலான பந்து தரைக்கு வரும். மூன்று உயரமான டிஃபெண்டர்கள் இருந்தால் ஒருவரைக் குறைத்து, தரையில் வேலை செய்யும் ஒருவரை இறக்குவது நல்லது. இடைமறிப்பவரும் பிடிக்க ஆசைப்படாமல் இரண்டு மீட்டர் முன்னால் நின்று, விழும் பந்தை முன்னோக்கித் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஜீலாங் போன்ற குறுகிய மைதானத்தில் மழையும் சேர்ந்தால், பந்தை ஒரு ஃபிளாங்கிலிருந்து மறு ஃபிளாங்குக்கு மாற்றும் ஆட்டம் ஆபத்தானது. எல்லைக்கோட்டை ஒட்டி நீளமாக உதைப்பதே பாதுகாப்பு.

ஒரு கோலுக்கும் குறைவான முன்னிலை, மிச்சம் சில விநாடிகள் என்ற நிலையில் ஆறு இடங்களின் பெயர்களும் மறைந்துவிடும். எல்லோரும் பந்துக்குப் பின்னால் வந்துவிடுவார்கள். 2005 இறுதியாட்டத்தில் சிட்னி 58, வெஸ்ட் கோஸ்ட் 54. வெஸ்ட் கோஸ்டின் டீன் காக்ஸ் கடைசியாக ஒருமுறை உள்ளே தூக்கி அடித்தார். இரு அணியின் உயரமானவர்களும் கூட்டமாக எழும்பினார்கள். சிட்னியின் லியோ பேரி 190 சென்டிமீட்டர்கூட இல்லாதவர். பட்டியலில் அவரைவிட உயரமான ஃபார்வர்டுகளைக் காவல் காத்தவர். கூட்டத்துக்குள் நின்று தோளோடு தோள் முட்டிக்கொள்ளாமல், ஓட இடம் விட்டு விலகி நின்றிருந்தார். அந்த நேரத்தில் குத்துவதே பாதுகாப்பு என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். குத்தினால் பந்து எந்தப் பக்கம் சிதறும் என்று தெரியாது. கீழே வெஸ்ட் கோஸ்டின் ஆட்களும் காத்திருந்தார்கள். பேரி ஓடிவந்து, கூட்டத்துக்கு மேல் எழும்பி, இரண்டு கையாலும் பிடித்தார். பந்து அவர் மார்பில் இருக்கும்போதே சைரன் ஒலித்தது. 72 ஆண்டு காத்திருந்த கோப்பை சிட்னிக்குக் கிடைத்தது.